பட்டாளத்துப் பாலம் கனம் வாங்கிய கதை

பாலம் என்றால் இரண்டு கரை வேண்டும் என்று மற்ற ஊர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நினைத்துக்கொள்ளட்டும். எங்கள் சிப்பிமுனைப் பாலத்துக்கு ஒரே கரைதான். மண்ணில் புறப்பட்டு, கடலுக்குள் நேராக நடந்து, கப்பல் மிதக்கும் ஆழம் கண்டதும் சட்டென்று நின்றுவிடும், அந்த முனையில் ஒரு தோணி வந்து ஒட்டி நின்றால் அதுதான் மறுகரை, தோணி சரக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டால் மறுகரையும் கூடவே கிளம்பிவிடும். அந்தப் பாலம் இப்போது இல்லை. அது எங்கள் கனத்தையெல்லாம் வாங்கிக்கொண்டபோது நாங்கள் அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை, சீக்கிரமே பழகிவிட்டோம். அது போன நாளில் திறந்த வாயைத்தான் எங்களில் பலர் இன்னும் சரியாக மூடவில்லை, பூசையில் பாட்டுப் பாடும்போது பாதிப் பேர் சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து நிற்கிறார்கள் என்று பங்குச் சாமியார் இப்போதும் குறைபட்டுக்கொள்கிறார்.

அதைக் கட்டியது வெள்ளைக்காரப் பட்டாளம். பெரிய யுத்தத்தின்போது, எந்தப் பக்கத்திலிருந்து யார் வருவார்கள் என்று தெரியாமல் எல்லாக் கடற்கரையிலும் எதையாவது கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு காலையில் லாரி லாரியாக வந்து இறங்கி, எங்கள் ஊர் ஆண்களை வரிசையில் நிறுத்தி, இரும்புத் தூண்களைக் கடலடியில் அறைந்து, மேலே உத்திரம் போட்டு, உத்திரத்தின்மேல் தேக்குப் பலகை பரப்பி, பலகைமேல் தண்டவாளம் ஓட்டி, நுனியில் ஒரு கிரேனையும் நட்டு, அடுத்த மழைக்கு முன்னால் முடித்துவிட்டார்கள். குண்டும் ஜீப்பும் டப்பாவில் அடைத்த இறைச்சியும் அதன் வழியாக வந்து இறங்கின. யுத்தம் முடிகிறவரை நின்றால் போதும் என்றுதான் கட்டினார்கள். யுத்தம் முடிந்து பட்டாளம் பெட்டி கட்டிக்கொண்டு போனபோது, முடிந்துவிட்டது, இனி நீ விழலாம் என்று பாலத்திடம் யாரும் சொல்லவில்லை. அதனால் அது நின்றது.

கட்டும்போது ஒரு சாவு விழுந்தது. உத்திரம் ஒன்று சரிந்து ஞானப்பிரகாசம் என்ற ஆளின் கழுத்தில் உட்கார்ந்தது; அவர் உடனே செத்துவிடவில்லை, இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டு, கை குடுங்கடே, கை குடுங்கடே என்று கத்தினார்; பக்கத்தில் வரிசையில் நின்றவர்களுக்கு நகர உத்தரவு இல்லை, துப்பாக்கி வைத்திருந்த சார்ஜன்ட் உத்தரவு கொடுக்கவும் இல்லை, அவருடைய கை சோர்ந்துபோகிற வரைக்கும் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அந்த வெட்கம் ஊருக்குள் புகுந்து சட்டமாகிவிட்டது. பாரத்தோடு விழுந்தவர் 'கை!' என்று ஒரு குரல் கொடுத்தால், காதில் விழுந்த அத்தனை பேரும் கையில் இருப்பதை அங்கேயே போட்டுவிட்டு ஓட வேண்டும், அது மூட்டையானாலும் சரி, கட்டப்போகிற தாலியானாலும் சரி. ஓடாதவன் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், அவன் சவப்பெட்டிக்கு யாரும் தோள் கொடுக்க மாட்டார்கள். குடத்தோடு வழுக்கி விழுந்தவள் 'கை!' என்று கத்தினால் பக்கத்து வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணையும், ஆனால் ஆள் வந்து நிற்கும். கூப்பிடாத இடத்துக்குப் போகிற வழக்கமும் எங்களுக்கு இல்லை. கூப்பிடட்டும் என்று சுவருக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம், அவ்வளவுதான்.

பட்டாளம் போன பிறகு உப்பும் கருப்பட்டியும் கூரை ஓடும் வெங்காயமும் சிமிண்டும் அந்தப் பாலம் வழியாகத் தீவுகளுக்குப் போயின. பாலம் ஒரு இலாகாவிடமிருந்து இன்னொரு இலாகாவுக்குக் கைமாறியது. ஒவ்வொரு இலாகாவும் வந்த வேகத்தில் பெயர்ப் பலகைக்குப் புது வர்ணம் அடித்தது, தூணுக்கு அடிக்கவில்லை. தேக்கு உளுத்த இடத்தில் சவுக்குக் கட்டை வந்தது, சவுக்கு உளுத்த இடத்தில் கடல் மணலில் குழைத்த சிமிண்டு வந்தது. கைப்பிடிக் கம்பிகள் பழைய இரும்புக் கடைக்குத் தாமாகவே நடந்துபோயின, கூட யார் நடந்தார்கள் என்று இங்கே சொல்ல வேண்டாம். கிரேன் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் காக்கைகளுக்கு வீடானது. அலை ஏறி இறங்குகிற உயரத்தில் தூண்கள் துருப்பிடித்து, செதில் செதிலாக உதிர்ந்து, இடுப்பு மெலிந்துகொண்டே வந்தன, ஆனாலும் நின்றன. பட்டாளம் கட்டினதுல்லா, என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அதைச் சொல்லிவிட்டால் பழுது பார்த்த மாதிரி எங்களுக்கு ஒரு திருப்தி.

பட்டாளத்தார் வைத்த எடைமேடை ஒன்றும் இருந்தது. எந்தச் சரக்கும் பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் எடை பார்த்து, பாலம் தாங்குமா தாங்காதா என்று முடிவு செய்ய அதைக் கரையில் வைத்திருந்தார்கள். கரை மணல் இறங்கி அது சாய்ந்துபோனபோது இலாகாக்காரர்கள் பெயர்த்து எடுத்துப் பாலத்தின்மேலேயே வைத்துவிட்டார்கள், அங்கே காவல் கொட்டகையின் நிழல் விழும், எடை பார்க்கிறவர் வெயிலில் நிற்க வேண்டாம் என்று. நல்ல யோசனை என்று நாங்களும் சொன்னோம்.

பாலத்தில் வேலை செய்த சுமையாட்களுக்கு மேஸ்திரி பிலவேந்திரன். மூட்டையைத் தலைக்கு ஏற்றும்போது அவர் முகத்தில் ஒரு நரம்பும் அசையாது. ஆனால் அவர் வீட்டில் ஒரு கனம் இருந்தது, அவருடைய மனைவி செராபினா. உப்பளத்தில் உப்புப் பெட்டி சுமந்த பெண், பலகை முறிந்து விழுந்ததில் இடுப்பு போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள், அதோடு சரி. ஆகிருதியான பெண், படுத்துப் படுத்து இன்னும் பெருத்தாள். காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் சாயங்காலம் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் பிலவேந்திரன் தனியாகத்தான் தூக்குவார், ஒவ்வொரு தடவையும் அவள் அவர் காதுக்குப் பக்கத்தில் "கனக்குதா?" என்று கேட்பாள், ஒவ்வொரு தடவையும் அவர் "பூ மாதிரில்லா இருக்க" என்று சொல்வார், அப்படிச் சொல்லும்போதே அவருடைய இரண்டு கையும் நடுங்கும், அந்த நடுக்கம் அவள் முதுகுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் 'கை!' என்று குரல் கொடுத்ததில்லை. பக்கத்து வீட்டுப் பிரகாசி சுவருக்கு அந்தப் பக்கம் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், "அந்த மனுசனுக்கு வாயில கொழுக்கட்டையா?" என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தாள்.

இப்படி இருக்கையில் ஒரு காலை, வெங்காய மூட்டையைத் தூக்கிய பிலவேந்திரன் மூட்டையோடு பின்பக்கமாகப் போய் விழுந்தார், ஏனென்றால் மூட்டையில் கனம் இல்லை. அவிழ்த்துப் பார்த்தார்கள், வெங்காயம் வெங்காயமாகத்தான் இருந்தது, உரித்துப் பார்த்தார்கள், கண் எரிந்தது. அதே மூட்டையைப் பாலமும் கரையும் சேருகிற இரும்புப் பட்டையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள், சுமந்தவன் கழுத்து உள்ளே போகிற அளவுக்குக் கனம் திரும்பி வந்தது. பட்டைக்குக் கரைப் பக்கம் கனம் உண்டு, பாலத்துப் பக்கம் இல்லை. எதுவும் பறக்கவில்லை, மிதக்கவில்லை, வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. தூக்குகிறவனுக்கு மட்டும் பாரம் தெரியவில்லை, அதைப் பாலமே வாங்கிக்கொண்டது. சுமையாட்கள் சும்மாட்டுத் துணியை அவிழ்த்து உதறிப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு வேலையைத் தொடங்கினார்கள், தோணி காத்துக்கொண்டிருந்ததல்லவா.

ஏன் இப்படி என்று கேட்டவர்கள் ரொம்பக் கொஞ்சம். இனி என்னென்ன செய்யலாம் என்று கேட்டவர்கள்தான் அதிகம். அந்த வாரமே சும்மாட்டுத் துணிகளெல்லாம் துவைக்கப்பட்டுத் தொட்டிலுக்குள் போயின. வெயில் தாழ்ந்ததும் நிறைமாதப் பெண்கள் பாலத்தில் உலாவ வந்தார்கள், முட்டிவலிக்காரர்கள் வந்தார்கள், நடக்கும்போது தொடைகள் உரசி அழுகிற நகைக்கடை முதலாளி வந்து குழந்தை மாதிரி ஓடிப் பார்த்தார். பையன்கள் மூட்டைமேல் மூட்டை அடுக்கித் தூக்கிக்கொண்டு, வேண்டுமென்றே விழுந்து, 'கை! கை!' என்று கத்தி விளையாடினார்கள். முதல் நாள் நாங்கள் ஓடினோம், இரண்டாம் நாள் திட்டினோம், அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கனமே இல்லாத இடத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை, பாலத்தின்மேல் அது தேய்ந்துபோனது.

பிலவேந்திரன் செராபினாவைத் தள்ளுவண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார். தெரு முழுக்கப் பின்னால் போனோம். இரும்புப் பட்டையைத் தாண்டியதும் வண்டி அவர் கையை விட்டுத் தானே உருண்டது. ஓடிப் பிடித்து, அவளுடைய முதுகுக்கும் முழங்காலுக்கும் அடியில் கை கொடுத்து, வழக்கமான பலத்தோடு தூக்கினார், அவள் மேலே வந்த வேகத்தில் அவளுடைய தலை அவர் தாடையில் இடித்தது. அவளை நிற்க வைத்தார். நின்றாள். நொறுங்கிய எலும்புமேல் உட்கார ஒரு கனமும் இல்லாததால் எலும்பு வலிக்கவில்லை.

"கால எங்கிட்டு வைக்கணும்னே மறந்துபோச்சுங்க" என்றாள் செராபினா.

பிரகாசி கிட்டே வந்து கீழேயிருந்து மேலே வரைக்கும் பார்த்துவிட்டு, "ஏளா செராபினா, நீ இவ்வளவு ஒசரமா?" என்று கேட்டாள், கேட்டுவிட்டு அவளே அழுதாள். எங்களுக்கும் அப்போதுதான் உறைத்தது, அவள் எவ்வளவு உயரம் என்பதை ஊரே மறந்திருந்தது. செராபினா நுனி வரைக்கும் நடந்துபோய்க் கடலைப் பார்த்தாள், திரும்பி நடந்து வந்தாள், மறுபடியும் நுனிக்குப் போனாள், சோற்று வேளை தாண்டியும் நடந்தாள். அன்றைக்கே பிலவேந்திரன் பாலத்தின் நடுவில் இருந்த காவல் கொட்டகையைப் பெருக்கி, அடுப்பு வைத்து, அங்கேயே குடித்தனம் தொடங்கிவிட்டார். அவள் கொட்டகையில் நின்றுகொண்டே சமைத்தாள், நின்றுகொண்டே சாப்பிட்டாள், உட்காரச் சொன்னால் கோபப்பட்டாள். வேலை முடிந்து அவர் வரும்போது மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவரைத் தேட வைத்தாள். இரும்புப் பட்டையைத் தாண்டிக் கரைப் பக்கம் மட்டும் அவள் வரவில்லை.

அவளை நடக்க வைத்த பாலத்தின்மேல் நாங்கள் ஊரைக் கொண்டுவந்து வைத்தோம். எங்கள் வீடுகளில் தூக்க முடியாதது என்று எதுவெல்லாம் இருந்ததோ அதெல்லாம் அங்கே போனது, பிறகு தூக்க முடிந்ததும் போனது. அரிசி மில்காரர் அரைவைக் கற்களை அங்கே கொண்டுபோய் அடுக்கினார். நகைக்கடை முதலாளி இரும்புப் பெட்டியை வைத்தார். ஓட்டுச் சூளைக்காரர் கிடங்கு வாடகை எதற்கு என்று ஓடுகளையெல்லாம் அங்கே குவித்தார். மழை நாளில் சிமிண்டு வந்தது, சிமிண்டு வந்த லாரிகளும் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றன, அங்கே நின்றால் டயர் தேயாது என்று டிரைவர்கள் சொன்னார்கள். கரையில் கிடைத்த வெற்றிடத்தைப் பார்த்து, ஊர் எவ்வளவு விசாலமாகிவிட்டது என்று மகிழ்ந்தோம்.

யாரும் கவனிக்காமல் செய்தோம் என்று சொல்லிவிட முடியாது. பாலத்துச் சூப்பிரண்டு மாசிலாமணி கண்டிப்பான மனிதர், பட்டாளத்தார் எழுதி வைத்துவிட்டுப் போன வரம்புக்கு மேல் ஒரு செங்கல்லையும் ஏற்ற விடமாட்டார். "எடை பாக்காம ஒரு குண்டூசி உள்ள போகக் கூடாது" என்று ஒவ்வொரு சரக்கையும் நிறுத்தி எடைமேடையில் வைப்பார். எடைமேடை பாலத்தின்மேல் இருந்தது, பாலத்தின்மேல் எதற்கும் கனம் இல்லை, முள் அசையாது. அவர் குனிந்து முள்ளைப் பார்ப்பார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்ப்பார், "ஒண்ணும் இல்ல, ஏத்திக்கோங்க" என்பார். அரைவைக் கல்லும் ஒன்றும் இல்லை, லாரியும் ஒன்றும் இல்லை. பாலத்தில் மொத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மேலதிகாரிகள் கேட்டபோது ஒன்றும் இல்லை என்றே நாணயமாகச் சொன்னார். இவ்வளவு ஒழுங்காக எடை பார்த்து வேறு எந்த ஊராவது தன் பாலத்தை முறித்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

கடல் இப்போதெல்லாம் ஏறி வருகிறது என்று பேசிக்கொண்டோம். முன்பு பலகைக்குக் கீழே அலை அடிக்கும், இப்போது பலகையிலேயே அடித்தது. கடல் ஏறவில்லை, பாலம் இறங்கிக்கொண்டிருந்தது. பிலவேந்திரனுக்கு மட்டும் சந்தேகம் வந்து, நீர் வற்றிய ஒரு காலையில் வள்ளத்தை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு அடியில் போய்ப் பார்த்தார். தூண்கள் அவருடைய மணிக்கட்டு அளவுக்கு மெலிந்திருந்தன. ஒன்றைத் தொட்டார், அது நடுங்கியது. அடுத்ததைத் தொட்டார், அதுவும் நடுங்கியது. தலைக்கு மேலே பலகையில் செராபினாவின் காலடி இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வருகிற சத்தம் கேட்டது, அவள் எதையோ பாடிக்கொண்டு நடந்தாள். பிறகு கோணிச் சாக்கைத் தாரில் முக்கித் தூண்களின் ஓட்டைகளில் அடைத்துவிட்டு மேலே ஏறி வந்தார். "என்ன பாத்தீய?" என்று அவள் கேட்டாள். "சிப்பி ஒட்டியிருக்கு" என்றார்.

சொல்லியிருந்தால் சூப்பிரண்டு பாலத்தை மூடியிருப்பார். மூடியிருந்தால் அவள் கட்டிலுக்குத் திரும்பியிருப்பாள். அவர் சொல்லவில்லை.

அடைக்கல மாதா திருவிழா வந்தது. மாதாவின் சப்பரத்தை எப்போதும் சுமையாட்கள்தான் தூக்குவார்கள், அவ்வளவு கனம், தெருத் திருப்பத்தில் அவர்களுக்கே மூச்சு வாங்கும். இந்த வருஷம் பெண்கள் சாமியாரிடம் போய் நின்றார்கள். "சாமி, பவனியைப் பாலத்துல வைங்க, நாங்களும் ஒரு தடவ மாதாவத் தோள்ல வச்சுப் பாக்கோம்" என்றார்கள். ஸ்தனிஸ்லாஸ் சாமியார் நல்லவர், அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சரி என்றார். சாயங்காலம், கொட்டும் பாட்டும் மெழுகுவர்த்தியுமாக, குழந்தை குட்டி எல்லாம் சேர்த்து, வீட்டில் ஒருவரும் இல்லாதபடி சிப்பிமுனை முழுவதும் பாலத்தில் ஏறியது. முன் தண்டில் செராபினா தோள் கொடுத்தாள், அவளுக்கு அடுத்தாற்போலப் பிரகாசி. மாதா பஞ்சு போல நகர்ந்தாள்.

கொட்டகையைத் தாண்டியதும் செராபினா நின்றாள். அவள் நின்றதால் சப்பரமும் நின்றது. வெறுங்காலோடு நடந்தவள், பாதத்தைப் பலகையில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, பாலம் நடுங்குது" என்றாள், பக்கத்தில் வந்த பிலவேந்திரனிடம்.

"அலை அடிக்கில்லா."

"அலை எனக்குத் தெரியாதா? இது அலை இல்ல. இது கை நடுக்கம். என்னைத் தூக்கும்போது உங்க கை நடுங்குமே, பூ மாதிரி இருக்கன்னு சொல்லிக்கிட்டே நடுங்குமே, அந்த நடுக்கம்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்பருந்து?"

"நீ நடக்க ஆரம்பிச்ச பெறவு."

"என்னை நடக்க வைக்கதுக்கு ஊரையே கடல்ல தள்ளப் பாத்தீயளா?" என்றாள். அதைக் கத்திச் சொல்லவில்லை. அவளுக்கு நேர் பின்னால் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது, அவர்களும் என்ன சொல்கிறாள் என்று புரியாமல் நின்றார்கள். அவள் தண்டைத் தோளிலிருந்து இறக்கி இன்னொருத்தி தோளில் வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "பாலம் தாங்காது, எல்லாரும் கரைக்கு ஓடுங்க, ஓடுங்க" என்று சத்தம் போட்டாள்.

நாங்கள் ஓடவில்லை. ரொம்ப நாள் படுத்திருந்த பெண்ணுக்குத் தரை ஆடுவது போலத்தான் இருக்கும் என்று ஒருத்தர் சொன்னார். "பயப்படாதீங்கம்மா, மாதா கூட இருக்கா" என்று சாமியார் ஒலிபெருக்கியில் ஆறுதல் சொன்னார். மாசிலாமணி அவளை எடைமேடைக்கு அருகில் கூட்டிக்கொண்டு போய், லாரிகளையும் ஓட்டுக் குவியலையும் கூட்டத்தையும் சுற்றிக் காட்டி, முள்ளையும் காட்டி, "பாருங்கம்மா, அசையுதா? ஒண்ணும் இல்ல" என்றார். கொட்டுக்காரர்கள் இன்னும் பலமாக அடித்தார்கள். 'கை!' என்று அவள் அங்கேயே கத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சொல்லைப் பாலத்தின்மேல் எங்கள் பையன்கள் எப்போதோ கொன்றுவிட்டார்கள், கத்தியிருந்தாலும் சிரித்திருப்போம். அது உயிரோடு இருந்தது கரையில் மட்டும்தான், அதுவும் உண்மையாகவே பாரத்தோடு விழுந்தவர் வாயில் மட்டும்தான்.

அவள் கரையைப் பார்த்து நடந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் பேசாமல், நல்ல நடையாக நடந்தாள். அவள் எதற்குப் போகிறாள் என்று முதலில் புரிந்தது பிலவேந்திரனுக்குத்தான். "போவாதட்டி, செராபினா, போவாத, நான் சொல்லிக்கிடுதேன், நான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிடுதேன்" என்று கூவிக்கொண்டு பின்னால் ஓடினார். இரும்புப் பட்டைக்கு முன்னால் அவள் ஒரு கணம் நின்றாள். காலைத் தூக்கினாள். அந்தக் கால் எவ்வளவு இலேசாக எழுந்தது என்பதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். பிறகு அதைக் கரையில் வைத்தாள்.

இத்தனை மாதமாக இல்லாதிருந்த கனம் முழுவதும் ஒரே அடியாக அவள் இடுப்பில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கொட்டுச் சத்தத்தையும் தாண்டிப் பாலத்தின் நுனி வரைக்கும் கேட்டது. அவள் விழுந்து, மண்ணைக் கடித்துக்கொண்டு, "கை!" என்றாள்.

அது விளையாட்டுக் குரல் இல்லை. எங்கள் காது ஏமாறாது. ஞானப்பிரகாசத்தின் கழுத்தில் உத்திரம் உட்கார்ந்த நாளிலிருந்து அந்தக் குரலுக்காகத்தான் எங்களைப் பெற்று வளர்த்திருக்கிறார்கள். கொட்டு நின்றது. கையில் இருந்ததை அங்கேயே போட்டோம், மெழுகுவர்த்தியைப் போட்டோம், குடையைப் போட்டோம், ஒலிபெருக்கியைப் போட்டோம், மாதாவை இறக்கி வைத்தோம் என்று சொல்வது மரியாதைக்கு, மாதாவையும் போட்டோம், குழந்தைகளை மட்டும் இடுப்பில் வாரிக்கொண்டு ஊர் முழுவதும் ஓடினோம். இரும்புப் பட்டையைத் தாண்டிய இடத்தில் அவரவர் கனம் அவரவர்மேல் வந்து விழுந்தது, முழங்கால் மடங்கி, ஒருவர்மேல் ஒருவர் சரிந்து, தவழ்ந்து, அவளைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தோம். கடைசியாக மாசிலாமணி வந்து சேர்ந்தார், அவரும் எங்கள் ஊரில் தண்ணீர் குடித்துப் பழகியவர்தான்.

அவர் கால் மண்ணில் பட்டதும் பாலம் போனது.

சத்தமே இல்லை. அதுதான் எங்களைக் கல்லாக்கியது. நுனியிலிருந்து தொடங்கி, தூண் தூணாக முழங்கால் மடித்து உட்கார்ந்தது. கிரேன் போனது, காக்கைகள் எழும்பின. லாரிகள் போயின, அரைவைக் கற்கள் போயின, இரும்புப் பெட்டி போனது, ஓடுகள் போயின, எடைமேடை போகும்போது அதன் முள் ஒரு முறை முழுச் சுற்றுச் சுற்றியதை மாசிலாமணி பார்த்தார், அன்றைக்கு வாயைத் திறந்தவர்களில் அவர்தான் முதல் ஆள். செராபினாவின் கொட்டகை அடுப்பில் வைத்த சோற்றோடு போனது. கடைசியாகச் சப்பரம், மெழுகுவர்த்திகள் எரிந்தபடியே மாதா இறங்கினாள், தண்ணீருக்கு அடியிலும் கொஞ்ச நேரம் வெளிச்சம் தெரிந்தது. நாங்கள் நின்றிருந்த இடம் அது, எங்கள் அத்தனை பேருடைய இடம், இப்போது அங்கே தண்ணீர் இருந்தது. இத்தனை நாளும் அந்தப் பாலம் நடுங்கிக்கொண்டே நின்றதே, அந்த நடுக்கத்தில் அதுவும் 'கை' என்றுதானே கேட்டிருக்கும், இத்தனை பேர் அதன்மேல் நடந்தும் ஒருத்தி காலுக்குத்தானே அது கேட்டது என்று நினைக்க நினைக்க எங்களுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பிலவேந்திரன் மண்ணில் மண்டி போட்டு, செராபினாவின் முதுகுக்கும் முழங்காலுக்கும் அடியில் கையைக் கொடுத்தார். எத்தனையோ ஆயிரம் தடவை கொடுத்த கை. தூக்கினார், அவள் எழும்பவில்லை. மறுபடியும் தூக்கினார், ஒரு சாண் எழும்பினாள், அவர் கை ஆட ஆட அப்படியே நின்றது.

வலியில் முகமெல்லாம் வேர்த்திருந்தது அவளுக்கு. அவர் காதுக்குப் பக்கத்தில், "கனக்குதா?" என்று கேட்டாள்.

அவர் உதடு 'பூ' என்று குவிந்ததை நாங்கள் பார்த்தோம். அது அப்படியே நின்றது, பிறகு கோணியது. "கனக்குது செராபினா. ரொம்பக் கனக்குது. என்னால முடியல" என்றார், சொல்லிவிட்டு, எங்கள் யாரையும் பார்க்காமல், வாழ்நாளில் முதல் தடவையாக, தொண்டை கிழியக் கத்தினார்:

"கை!"

நாங்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தோம், ஓர் எட்டு வைத்தால் போதும். ஆனாலும் ஓடினோம்.